விளக்குக்கு எண்ணெய் யார் செலவு?



"தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார்களாமே, பிள்ளையை அனுப்பலாமா ஐயா?" என்னும் கேள்வி ஆண்டுதோறும் என்னிடம் வருகின்றது. கேட்பவர் கேட்டவுடன் போய்விடுவதில்லை. சற்று நேரம் தயங்கி நிற்பார். இன்னொரு கேள்வி அவருடைய நாவின் நுனியில் இருப்பது எனக்குத் தெரியும். "அங்கே போனால் ஜெபம் பண்ணச் சொல்வார்களா?" என்பதே அது. நான் கிறிஸ்தவன் என்பதை அறிந்தவர்கள் அந்த இரண்டாம் கேள்வியை மரியாதை கருதி விழுங்கிவிடுவார்கள். அறியாதவர்கள் வெளிப்படையாகவே கேட்டுவிடுவார்கள்.

விழுங்கப்பட்ட அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகின்றேன். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நான், எங்கள் திருச்சபை நடத்தும் சனிக்கிழமை வகுப்பிலும் தொண்டூழியம் செய்கின்றவன். ஆகவே இரண்டு பக்கத்து ஐயங்களும் என் காதில் விழுகின்றன. பள்ளியில் பெற்றோரின் ஐயம். திருச்சபையில் நண்பர்களின் ஐயம். இரண்டுக்கும் சேர்த்தே விடை கூற வேண்டியவனாக இருக்கின்றேன்.

முதலில் பெற்றோரின் ஐயத்தை எடுத்துக் கொள்வோம். அது வீண் ஐயம் என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்தவ நண்பர்கள் சிலர், "நாம் எவ்வளவு நன்மை செய்தாலும் இவர்கள் நம்மைச் சந்தேகிக்கிறார்களே" என்று வருந்துவதுண்டு. வருந்துவதற்கு முன் நம் கைகளைச் சற்றுப் பார்த்துக் கொள்ள வேண்டும். அரிசிப் பைக்குள் துண்டுப் பிரசுரத்தை மடித்து வைத்துக் கொடுக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் சில இடங்களில் உண்டு. நான் கண்ணாரக் கண்டிருக்கின்றேன். அரிசியைப் பெற்றுக் கொண்ட அம்மையார் அந்தத் தாளை மெல்ல எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக் கொண்டு நின்றார். எறிந்தால் கொடுத்தவர் மனம் நோகும். வீட்டுக்குக் கொண்டு போனால் மாமியார் என்ன சொல்வாரோ! ஒரு பை அரிசிக்காக ஓர் ஏழைப் பெண்மணியை அந்த நிலையில் நிறுத்தலாமா?

பெரியவர்களாவது தாளை மடித்து வைத்துவிட்டு அரிசியைக் கொண்டு போவார்கள். பிள்ளைகளின் நிலை வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தனக்குப் பாடம் சொல்லித் தருபவரிடம் "மாட்டேன்" என்று சொல்லத் தெரியாது. எழுந்து நில் என்றால் நிற்கும்; கண்ணை மூடிக் கைகூப்பு என்றால் மூடிக் கூப்பும். இது ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிந்த உண்மை. நம் சொல்லுக்கு இருக்கும் அந்த வலிமையை நம்பித்தான் பெற்றோர் பிள்ளையை நம்மிடம் விட்டுச் செல்கின்றனர். ஆகவே பெற்றோர் இல்லாத இடத்தில், பெற்றோர் அறியாமல், ஒரு பிள்ளையின் வாயில் நம் ஜெபத்தை வைப்பது நற்செய்தி ஆகாது. பிள்ளை விரும்பித்தான் ஜெபித்தது என்று சொல்வாரும் உளர். அந்த வயதில் விருப்பம் என்பது ஆசிரியர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைத் தவிர வேறென்ன?

இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டு நிறைவு என்று நாம் விழா எடுத்தோம் அல்லவா? அந்த இருநூறு ஆண்டுக் கணக்கு எங்கிருந்து தொடங்குகின்றது? 1816 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பெற்ற பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் இருந்து. அதனை நிறுவியவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவராகிய ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். அங்கே தமிழுக்கும் ஒரு வகுப்பு இருந்தது. அப்பள்ளியின் பெயரிலுள்ள 'ஃப்ரீ' என்னும் சொல்லைக் கட்டணமில்லாதது என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். இனம், சமயம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது என்பதே அதற்குச் சொல்லப்படும் பொருள். ஒரு பாதிரியார் தொடங்கிய பள்ளியின் பெயரிலேயே அந்தச் சொல் நிற்கின்றது என்பதை நம் திருச்சபை நண்பர்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு எழுபத்தோர் ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூருக்கு வந்த சோஃபியா பிளாக்மோர் அம்மையார் 1887இல் ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று அது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. மிஷனரிகள் மனத்தில் மதம் பரப்பும் எண்ணமே இல்லை என்று நான் மறைக்க மாட்டேன். இருந்தது, அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஆயினும் கான்வென்டுகளிலும் மெதடிஸ்ட் பள்ளிகளிலும் படித்து, இந்துவாகவும் முஸ்லிமாகவும் பௌத்தராகவும் வாழ்ந்து மறைந்தவர்கள் எண்ணிலடங்கார். அவர்களுள் பலர், தங்களுக்கு எழுத்தறிவித்த கன்னியரைப் பற்றிக் கடைசி வரை நன்றியோடு பேசியிருக்கின்றனர். என் பாட்டி தலைமுறையில் அப்படிப் பேசிய பெண்கள் பலரை நானே கேட்டிருக்கின்றேன். மதம் மாறாத அவர்களிடம் அந்தக் கன்னியரின் உழைப்பு வீணாகிவிட்டதா என்ன?

இனித் திருச்சபை நண்பர்களின் ஐயத்துக்கு வருகின்றேன். அவர்கள் கேட்பது இது: "பாடம் சொல்லித் தருகிறோம், பிஸ்கட்டும் மைலோவும் கொடுக்கிறோம், அனுப்பிவிடுகிறோம். ஆண்டவர் பெயரையே சொல்லாவிட்டால் நமக்கும் ஒரு சமூகநலக் கழகத்துக்கும் என்ன வேறுபாடு? விளக்கை ஏற்றி மரக்காலுக்கு அடியில் வைக்கலாமா?"

நியாயமான கேள்விதான். மலைப்பொழிவில் இயேசு பெருமான் விளக்கைப் பற்றிச் சொல்லியிருப்பதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அதே மலைப்பொழிவில், சற்றே தள்ளி, வலது கை செய்யும் தருமத்தை இடது கை அறியக்கூடாது என்னும் கருத்தும் உண்டு. ஒரே போதனையில் ஓரிடத்தில் எல்லாருக்கும் தெரியட்டும் என்கிறார்; மற்றோரிடத்தில் உன் மற்றொரு கைக்கே தெரிய வேண்டாம் என்கிறார். இரண்டும் முரண்படுவது போலத் தோன்றும். கவனித்துப் படித்தால் முரண்பாடு இல்லை. தெரிய வேண்டியது செயல். அதனால் புகழப்பட வேண்டியவர் பரம பிதா. மறைந்திருக்க வேண்டியது செய்தவனுடைய பெயர். நாமோ பல நேரங்களில் இதைத் தலைகீழாகச் செய்கின்றோம். பதாகையில் நம் பெயர் பெரிதாக இருக்கின்றது. செயல் சிறிதாக இருக்கின்றது.

அறிவியல் பாடத்தில் நிலவைப் பற்றிக் கற்பிக்கும்போது ஓர் உருண்டையையும் கைவிளக்கையும் கொண்டு செல்வேன். நிலவுக்குத் தன்னொளி இல்லை. சூரியனின் ஒளியை அது பிரதிபலிக்கின்றது என்றதும் பிள்ளைகளுக்கு ஒருவகை ஏமாற்றம். "அப்போ நிலா சும்மாதான் நிற்குதா ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த அம்புரோஸ் திருச்சபையை நிலவுக்கு ஒப்பிட்டிருக்கின்றார் என்பதை அந்த வகுப்பில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் எனக்கு அது உடனே நினைவுக்கு வந்தது. சூரியன் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், அது இருக்கின்றது என்பதற்கு நிலவே சாட்சி. அதற்கு நிலவு ஒன்றும் பேச வேண்டியதில்லை.

ஆண்டவர் பெயரைச் சொல்லாவிட்டால் என்ன வேறுபாடு என்றால், வேறுபாடு தொண்டு செய்பவனுக்குள் இருக்கின்றது. ஆண்டுக்கு நாற்பது சனிக்கிழமைகள் வகுப்பு நடக்கின்றது என்று வைத்துக் கொள்வோம். முதல் சனிக்கிழமைக்கு இருபது பேர் வருவார்கள். ஐந்தாவது சனிக்கிழமைக்குப் பத்துப் பேர். நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பின் ஆறு பேர். மழை கொட்டும் நவம்பர் மாதத்து முப்பத்தெட்டாவது சனிக்கிழமை, வாரம் முழுவதும் வேலை செய்து களைத்த ஒருவரைக் காலை ஏழரை மணிக்குப் படுக்கையிலிருந்து எழுப்புவது எது? சிலருக்கு மனிதநேயம், நான் அதை மதிக்கின்றேன். எனக்கும் என்னுடன் வருபவர்களுக்கும் அது விசுவாசம். எட்டரை மணிக்கே நாங்கள் வந்து, பின்னறையில் கூடி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கின்றோம். எங்கள் ஜெபத்துக்கு உரிய இடம் அந்தப் பின்னறைதான். அது விளக்குக்கு நாங்கள் ஊற்றும் எண்ணெய். எண்ணெய்ச் செலவு ஏற்றுபவனுடையது. வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க வந்த பிள்ளையிடம் அதற்கு விலை கேட்பது முறையன்று.

அதற்காக ஒளித்துக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்டபத்துச் சுவரில் சிலுவை இருக்கின்றது; பிள்ளைகள் வருகிறார்கள் என்பதற்காக அதைத் துணி போட்டு மூடுவது ஏமாற்று வேலை. "ஏன் ஐயா நீங்கள் சம்பளம் வாங்குவதில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "நான் இயேசுவை நம்புகின்றவன், அவர் சொன்னதைச் செய்கின்றேன்" என்று ஒரு வரியில் பதில் சொல்வேன். கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வரி பெருக்கல் வாய்பாடு.

லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளிகளின் கதை வருகின்றது. பத்துப் பேரும் குணமடைந்தனர். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன் மட்டுமே, அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று பெருமான் கேட்டது உண்மை. போதகர்கள் பெரும்பாலும் நன்றியுணர்வைப் பற்றிப் பேசிவிட்டு அத்தோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் வியப்பளிப்பது, திரும்பி வராத ஒன்பது பேரின் உடம்பில் நோய் திரும்பி வரவில்லை என்பது. கொடுத்ததை அவர் திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. நம் சனிக்கிழமை வகுப்பில் படித்துவிட்டு ஒரு நாளும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடச் சொல்லாமல் போகும் பிள்ளை அந்த ஒன்பது பேரில் ஒருவன் என்றே வைத்துக் கொள்வோமே. அவனுக்கும் வாசிக்கத் தெரிந்துவிட்டது; அது போதும்.

வாசிப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளைகளில் பலர், எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் பருவத்தையே கைத்தொலைபேசித் திரையின் முன்னால் கழித்தார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டபின், பின்தங்கிய பிள்ளை யார் என்பது பல பெற்றோருக்குத் தெரியாமலே போய்விடுகின்றது. வகுப்பில் முப்பது பேரை வைத்துக் கொண்டு ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அரைமணி நேரம் அமர்வது அரிது. தொண்டூழியருக்கு அது முடியும். ஒரு பிள்ளைக்கு ஒருவர். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், மலாய்ப் புத்தகத்தில் விரலை வைத்துக் கொண்டு ஒரே பிள்ளையோடு எட்டு மாதம் அமர்ந்தார். அவருக்குக் கற்பித்தலில் பயிற்சி இல்லை, பொறுமையில் இருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்ற குறைநீக்கல் முறைகளில் இரண்டொன்றை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொறுமையை அவரிடம் நான் கற்றேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இருபது நாள் வந்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடும் தொண்டூழியர் பிள்ளைக்கு நன்மையைவிடத் தீங்கையே அதிகம் செய்கின்றார். தன்னைப் பிடிக்காமல்தான் அக்கா வரவில்லை என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழுக்காக மூன்று வாரம் வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலை கொடுங்கள், பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசனாம் என்னும் இருபது வயது மாணவர், தோழர்கள் சிலருடன் சேர்ந்து தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் உள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபை. நம் நாட்டுக் கத்தோலிக்கத் திருத்தலங்கள் பலவற்றிலும் அது இயங்குகின்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்நகரைக் காலரா வாரிக் கொண்டு போயிருந்தது. உங்கள் சமயம் இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கின்றது என்று உடன் படித்தவர்கள் கேட்டபோது, அந்த இளைஞர் வாதம் செய்து கொண்டிருக்கவில்லை. ஏழைகளின் வீடுகளுக்கே நடந்து சென்றார். இச்சபையினரின் வழக்கங்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. வீடுகளுக்கு இருவர் இருவராகச் செல்வார்கள். எந்த வீட்டுக்குச் சென்றோம் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் அத்திருச்சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும் இந்த இரண்டாவது வழக்கத்தை எல்லாச் சபைகளும், கோயில் நிருவாகங்களும், அரசு சாரா இயக்கங்களும் கடன் வாங்கிக் கொள்ளலாம்.

ஏனென்றால் இன்று படம் எடுக்காமல் ஒரு பை அரிசியும் கைமாறுவதில்லை. ஒருபுறம் கொடுப்பவர் ஐந்து பேர் சிரித்துக் கொண்டு நிற்க, நடுவில் தலை குனிந்த ஒரு தாய், அவர் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. மாலைக்குள் அது முகநூலில் ஏறிவிடும். இரவுக்குள் பெற்றோர் புலனக் குழுவில் சுற்றும். மறுநாள் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டுமா? "உங்க வீட்டுக்கு அரிசி கொடுத்தாங்களாமே" என்று பக்கத்து மேசைப் பிள்ளை கேட்டதால் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருந்த மாணவியை எனக்குத் தெரியும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பார்கள். அரிசி மூட்டைகளைப் படம் எடுங்கள்; இரசீதைப் படம் எடுங்கள். பிள்ளையின் முகம் உங்கள் கணக்குப் புத்தகம் அன்று. இதைக் கிறிஸ்தவர்களை மட்டும் பார்த்து நான் சொல்லவில்லை. ஆனால் இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வாரந்தோறும் வாசிக்கின்ற நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு.

அடுத்து, உணவு. சிறிய செய்திதான், ஆனாலும் இதில்தான் மதிப்பு தெரியும். புரட்டாசிச் சனிக்கிழமை. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மாதம் முழுவதும் சைவம். அன்றைக்குக் கோழிப் பொரியலோடு நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்து அன்போடு நீட்டினால், பசியோடு வந்த பிள்ளை என்ன செய்யும்? அன்பு உண்டு, ஆனால் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. எங்கள் மண்டபத்தில் இப்போது ஒரு தமிழ் நாட்காட்டி தொங்குகின்றது. புரட்டாசியில் சுண்டல். தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் விரதம் இருக்கும் பிள்ளைகளின் பெயர் ஒரு தாளில். நெற்றியில் திருநீறு துலங்க வரும் பிள்ளை அப்படியே வந்து அப்படியே திரும்பிச் செல்ல வேண்டும். அது அழிந்திருந்தால் அதற்குக் காரணம் வியர்வையாக மட்டுமே இருக்கலாம்.

இவ்வளவும் கொடுப்பவர் பக்கத்துக் கதை. நாமே பெற்றுக் கொள்பவராக நிற்க நேர்ந்த காலமும் உண்டு. 2021 ஜூன் மாத இறுதியில், வேலையும் வருமானமும் இழந்த குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவுவர் என்னும் இயக்கம் நாடெங்கும் பரவியது. அந்தத் துணியில் சமயம் எழுதப்படவில்லை. உதவிக்கு வந்தவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரையைத் தொட்டபோது, குருத்வாராவில் சமைத்த சோற்றைக் கிறிஸ்தவரும் உண்டனர். பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அவரவர்க்கு இயன்றதைச் செய்தன. அந்தச் சீக்கியத் தொண்டர்கள் யாரையும் தங்கள் வழிபாட்டுக்கு அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் லங்கர் என்றால் என்ன, அவர்கள் ஏன் இப்படிச் சமைக்கிறார்கள் என்று அதன் பிறகு எத்தனை பேர் ஆர்வத்தோடு கேட்டறிந்தார்கள்!

நல்ல சமாரியன் கதையைக் கிறிஸ்தவர்கள் படிக்கும்போது தங்களையே சமாரியனாக எண்ணிக் கொள்வது வழக்கம். கேட்டவர்களின் பார்வையில் அக்கதையின் நாயகன் வேற்று வழிபாட்டுக்காரன். எந்த மலையில் தொழுவது என்பதிலேயே யூதருக்கும் சமாரியருக்கும் பிணக்கு. அந்த வேற்றான்தான் காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்து, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். அடிபட்டவனிடம் அவன் தன் மலையைப் பற்றிப் பேசியதாகக் கதையில் இல்லை. ஆகவே நம் பக்கத்து வீட்டு இந்துவோ சீக்கியரோ அக்கதையின் நாயகராக இருக்கலாம். அடிபட்டுக் கிடப்பவர் நாமாகவும் இருக்கலாம். இதை ஒப்புக் கொள்ளும் மனம் வந்த பிறகு தொண்டு செய்யப் போவது நல்லது என்பது என் கருத்து. கொடுக்க மட்டுமே தெரிந்தவரிடம் பெற்றுக் கொள்வது மிகவும் கடினம்.

நம் தொடக்கப்பள்ளி நன்னெறிக் கல்விப் பாடத்தில் பதினான்கு நெறிகள் உள்ளன. முதலாவது இறைநம்பிக்கை, அடுத்தது நன்மனம். வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இந்த இரண்டையும் கற்பிக்கும்போது, எந்த இறைவன் என்று நான் சொல்வதில்லை. பிள்ளைகள் தத்தம் வீட்டில் வணங்கும் முறையைச் சொல்வார்கள், நான் கேட்டுக் கொள்வேன். என் வகுப்பறையில் நான் ஆசிரியன். அரசாங்கம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கின்றது. கிறிஸ்தவ ஆசிரியர்களுள் யாரேனும் அந்த எல்லையைத் தாண்ட நினைத்தால், அவருக்கு என் ஆதரவு இல்லை. ஒரு பெற்றோர் அதைத் தலைமையாசிரியரிடம் முறையிட்டால் நான் அந்தப் பெற்றோர் பக்கமே நிற்பேன்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்புங்கள்; ஆனால் கண்ணை மூடிக் கொண்டு அனுப்பாதீர்கள். தேவாலயமோ, கோயில் மண்டபமோ, பாலர் பள்ளியோ, எங்கே நடந்தாலும் முதல் நாள் நீங்களும் உள்ளே வந்து கடைசி வரை அமருங்கள். வர வேண்டாம் என்று எவராவது சொன்னால் பிள்ளையோடு எழுந்து வந்துவிடுங்கள். ஜெபம் உண்டா, பாட்டு உண்டா, என்ன உணவு, படம் எடுப்பீர்களா, யார் பொறுப்பு, அவருடைய தொலைபேசி எண் என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். மரியாதை கருதி அந்த இரண்டாம் கேள்வியை விழுங்க வேண்டியதில்லை. நேர்மையான தொண்டர் அதற்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன படித்தாய் என்று கேட்பதோடு, வேறு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள்.

திருச்சபை நண்பர்களே, அந்தக் கேள்விகளுக்கான விடைகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, பதிவுத்தாளோடு முதல் நாளே பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். "இது தேவாலயத்தார் நடத்தும் வகுப்பு. இங்கே சமயப் போதனை இல்லை. பிள்ளைகளின் படம் வெளியிடப்படாது. பெற்றோர் எந்நேரமும் வரலாம்." நான்கு வரி போதும். நாங்கள் அப்படிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு பெற்றோர் வாசலில் தயங்கி நிற்பது குறைந்திருக்கின்றது. ஒரு தாத்தா மட்டும் இன்னும் நம்பவில்லை. பேரனோடு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, நாளிதழ் படித்துக் கொண்டே எங்களைக் கண்காணிக்கின்றார். அவருக்கும் ஒரு குவளை மைலோ உண்டு.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எந்தச் சமயத்தவராயினும், மலாய் வாசிப்புக்கு மிகவும் தேவைப்படுகின்றார்கள். வாரம் இரண்டு மணி நேரம். ஓராண்டுக்கு வர இயலும் என்றால் மட்டும் வாருங்கள்.